‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்பவர்களுக்கு

நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும் அவர்களுக்கு நெறியாளர்களாக இருப்போரும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன். மறுப்பிருந்தால் வாதத்தோடு வாருங்கள்.

ஆர்.என்.ஏ. வைரஸ் ஒன்று உயிரணுவுக்குள் எவ்வாறு தன்னைப் பெருக்கிக்கொள்கிறது, எவ்வாறு நோயை உண்டாக்குகிறது என்று ஆராய்பவரிடம் நம் நாட்டில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: ‘இதனால் என்ன பயன்?’ நேர்காணல் குழுவில் கேட்பார்கள். ஆண்டு மதிப்பீட்டில் கேட்பார்கள். நிதி விண்ணப்பத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கும். ‘தடுப்பூசி செய்கிறேன்’, ‘பரிசோதனைக் கருவி செய்கிறேன்’ என்று எழுதினால் கட்டம் நிறைந்துவிடும். ‘பாலிமரேஸ் புரதம் தன் துணைப் புரதத்தோடு எந்த இடத்தில் இணைகிறது என்று அறிய விரும்புகிறேன்’ என்று எழுதினால் புருவங்கள் உயரும். அதனால் நம்மில் பலர் அந்தக் கட்டத்தில் பொய் எழுதப் பழகிவிட்டோம். மூன்றாண்டில் ஒரு புரதத்தின் வடிவம்கூடத் தெளியாது என்று அறிந்துகொண்டே, மூன்றாண்டில் மருந்துக்கான இலக்கு கண்டுபிடிக்கப்படும் என்று வாக்குறுதி தருகிறோம். கேட்பவருக்கும் அது பொய் என்று தெரியும். இருவரும் கையெழுத்திட்டுக் கலைகிறோம்.

கேள்வி கேட்பதே தவறு என்பது என் வாதமன்று. மக்களின் வரிப்பணத்தில் ஆய்வு செய்பவன் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். என் எதிர்ப்பு வேறு. ‘பயன்’ என்ற சொல்லை இந்தக் குழுக்கள் புரிந்துகொள்ளும் விதம் வரலாற்றுக்குப் புறம்பானது. அந்தப் புரிதலைக் கொண்டு ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் கேட்கும் அந்தப் பயனே கிடைக்காமல் போகும். நம் மண்ணிலேயே நடந்தவற்றைக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

முதலில் ஒரு பேராசிரியரின் ஆய்வு வாழ்க்கை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நுண்ணுயிரியல், உயிரணு உயிரியல் துறையில் பணியாற்றிய எம்.எஸ். ஷைலா, தம் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதியை ஒரு மாட்டு வைரஸுக்குச் செலவிட்டார். ஆங்கிலேயர் ரிண்டர்பெஸ்ட் என்று அழைத்த நோயை நம் கிராமத்தார் வெக்கை என்றார்கள். அது நுழைந்த ஊரில் தொழுவங்கள் காலியாகும். உழவு மாடு போனால் உழவனின் அந்த ஆண்டு போயிற்று. இந்த நோயை உத்தேசித்தே 1889இல் புனேயில் ஓர் ஆய்வகம் தொடங்கி, 1893இல் இமயமலைச் சரிவில் உள்ள முக்தேசருக்கு அதை மாற்றினார்கள். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேர் அதுவே.

வெக்கை வைரஸின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 16,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. அது எதிர்மறை இழை. உயிரணுவின் ரைபோசோம்களால் அதை நேரடியாக வாசித்துப் புரதம் செய்ய முடியாது. ஆகவே தன்னைப் படியெடுக்கும் பாலிமரேஸைத் தன்னுடனேயே எடுத்துக்கொண்டுதான் வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய வேண்டும். எல் என்ற பெரிய புரதமும் பி என்ற துணைப் புரதமும் சேர்ந்தது அந்தப் பாலிமரேஸ். அவ்விரண்டும் எந்தப் பகுதிகளில் பிணைகின்றன, பி புரதத்தில் பாஸ்பேட் ஏறினால் என்ன நிகழ்கிறது, படியெடுத்த எம்.ஆர்.என்.ஏ.வின் முனையில் ‘தொப்பி’ மாட்டும் வேலையின் படிகளையும் எல் புரதமே செய்கிறதா என்பன ஷைலாவும் அவருடைய மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் துருவிய கேள்விகள். இந்தக் கட்டுரைகளில் பல 2000க்குப் பின் வெளிவந்தவை. அப்போது இந்தியாவில் வெக்கை நோயே இல்லை. கடைசியாக அது தலைகாட்டியது 1995இல், தமிழ்நாட்டின் வட ஆற்காடு மாவட்டத்தில். இல்லாத நோயின் பாலிமரேஸை ஆராய்கிறேன் என்று இன்று ஒரு மாணவர் குழுவின் முன் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

ஆனால் அதே பேராசிரியரின் பெயர் இன்னோர் இடத்திலும் இருக்கிறது. 1987இல் விழுப்புரத்துக்கு அருகே அரசூரில் செம்மறியாடுகள் சாகத் தொடங்கின. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல். அதுவரை இத்தகைய நோய் ஆடுகளில் தோன்றினால், மாட்டிலிருந்து ஆட்டுக்குத் தொற்றிய வெக்கை என்றே இந்தியாவில் கொள்ளப்பட்டது. ஷைலாவும் தமிழகக் கால்நடை அறிவியலாளர்களும் சேர்ந்து ஆராய்ந்து, இது வெக்கை அன்று, அதன் உடன்பிறப்பான வேறொரு வைரஸ் என்று நிறுவி 1989இல் வெளியிட்டார்கள். 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதலில் விவரிக்கப்பட்ட பி.பி.ஆர். நோய் அது. தமிழில் அதற்கு இன்று ஆட்டுக்கொல்லி நோய் என்று பெயர். இந்தியாவில் அந்நோய் இருப்பது ஐயமின்றி உறுதியானது அந்த ஆய்வில்தான். 1990களின் நடுவில் அது மகாராஷ்டிரத்து வெள்ளாடுகளிலும் கண்டறியப்பட்டபோது, அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களிலும் ஷைலா இருந்தார்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? அக்காலத்தில் உலகமே வெக்கையை அடியோடு ஒழிக்கும் முயற்சியில் இருந்தது. ஒழிந்தது என்று அறிவிக்க வேண்டுமானால், முதலில் தடுப்பூசி போடுவதை நிறுத்த வேண்டும். பிறகு எங்கும் நோய் இல்லை என்று காட்ட வேண்டும். ஆட்டில் தோன்றும் ஒவ்வொரு ஆட்டுக்கொல்லியும் வெக்கையாக எண்ணப்பட்டால், இல்லாத வெக்கையைத் துரத்திக்கொண்டே நாடு காலமெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருக்கும். மேலும், ஆடுகளைக் காக்க அந்நாளில் மாட்டு வெக்கைத் தடுப்பூசியையே போட்டார்கள். அந்த ஊசி போட்ட ஆட்டின் குருதியில் வெக்கைக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும். அது நோயால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று சொல்ல இயலாது. ஆகவே ஆட்டுக்கொல்லிக்கென்றே தனித் தடுப்பூசி வேண்டியிருந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசித் திரிபுகளில் ஒன்றின் பெயர் ‘அரசூர் 87’. 2006இல் இந்தியா வெக்கைத் தொற்றற்ற நாடாக ஏற்கப்பட்டது. 2011இல் உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நானே எடுத்து வைக்கிறேன். ‘வெக்கையை ஒழித்தது கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய தடுப்பூசி. அவருக்குப் பாலிமரேஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. தெரியாமலேயே ஒழிக்கவில்லையா?’ நியாயமான வாதம். ஆனால் அந்தத் தடுப்பூசி எப்படி வந்தது? மாட்டுக் கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் வைரஸைத் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்ததால் வந்தது. வைரஸை விலங்குக்கு வெளியே, கண்ணாடிக் குடுவையில் உள்ள உயிரணுக்களில் வளர்க்கலாம் என்ற துணிவு எங்கிருந்து வந்தது? 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் போலியோ வைரஸ் நரம்பணு அல்லாத திசுவிலும் பெருகும் என்று காட்டியதிலிருந்து. அதுவும் ‘வைரஸ் எங்கே, எவ்வாறு பெருகுகிறது’ என்ற கேள்விதான். தடுப்பூசிக்கும் அடிப்படைக் கேள்விக்கும் இடையே நாம் எழுப்பும் சுவர் வரலாற்றில் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் மட்டுமே இருக்கிறது.

இன்னும் நுட்பமான ஒரு தொடர்பும் உண்டு. இந்த வைரஸ்களின் பாலிமரேஸ் மரபிழையின் ஒரு முனையிலிருந்தே படியெடுக்கத் தொடங்கும். ஒவ்வொரு மரபணுவின் எல்லையிலும் சில பாலிமரேஸ்கள் கழன்று விழும். அதனால் முதலில் உள்ள என் மரபணுவின் படிகள் மிக அதிகமாகவும், கடைசியில் உள்ள எல் மரபணுவின் படிகள் மிகக் குறைவாகவும் உருவாகும். யாருக்கு வேண்டும் இந்தச் செய்தி? நோயறிபவருக்கு வேண்டும். நோயுற்ற விலங்கின் மாதிரியில் எதைத் தேடினால் எளிதில் அகப்படும் என்பதற்கு இது விடை. வெக்கையையும் ஆட்டுக்கொல்லியையும் பிரித்தறிய உருவான மரபணுத் துருவிகள் என் மரபணுவைத் தேர்ந்தது காரணமின்றி அன்று. கால்நடை மருத்துவமனையில் இன்று பயன்படும் சோதனைக்குள் ஒரு காலத்தின் ‘பயனற்ற’ கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

மும்பைக்காரர்களுக்கு நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 1970இல் டேவிட் பால்ட்டிமோரும் அவருடன் பணியாற்றியவர்களும், மாடு, குதிரை, பன்றிகளில் வாய்க்கொப்புளம் உண்டாக்கும் ஒரு வைரஸ் தன் பாலிமரேஸைத் தன்னுள்ளேயே சுமந்து செல்கிறது என்று கண்டார்கள். அப்படியானால் வேறு ஆர்.என்.ஏ. வைரஸ்களும் நொதிகளைச் சுமக்கக்கூடுமே என்று அவர் புற்றுநோய் வைரஸ்களில் தேடினார். ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. செய்யும் நொதி கிடைத்தது. அதே ஆண்டில் ஹோவர்ட் டெமினும் தனியே அதைக் கண்டார். மனிதர்களுக்கு அதனால் அன்று எந்தப் பயனும் இல்லை. எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1983இல். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுகலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, பாலியல் தொழிலாளர்களிடம் குருதி மாதிரிகள் திரட்டி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் காட்டினார். 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அப்போது மேலை நாடுகளில் அதன் விலை 10,000 டாலருக்கு மேல். உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த மூன்று மருந்துகள் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின். மூன்றுமே 1970இல் கண்டறியப்பட்ட அந்த ஒரே நொதியைத் தடுப்பவை. மாட்டு வைரஸைப் பற்றிய கேள்வியிலிருந்து மும்பை மாத்திரை வரை 31 ஆண்டுகள். எந்தக் குழுவின் ‘எதிர்பார்க்கப்படும் விளைவுகள்’ கட்டத்தில் இதை எழுதியிருக்க முடியும்?

இப்போது எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்போம். அடிப்படைக் கேள்வியை உரிய காலத்தில் கேட்டும், கேட்டவரைப் புறக்கணித்தால் என்ன ஆகும்? வேலூருக்கே திரும்ப வேண்டும். 1972இல் டி. ஜேக்கப் ஜானும் பி. ஜெயபாலும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போலியோ சொட்டு மருந்து மேலை நாட்டுக் குழந்தைகளில் தரும் எதிர்ப்பாற்றலை நம் குழந்தைகளில் தரவில்லை என்பது அதன் சாரம். சொட்டு மருந்து என்பது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ். அது குழந்தையின் குடலில் பெருகினால்தான் எதிர்ப்பாற்றல் வரும். ஆகவே ‘மருந்து ஏன் பலிக்கவில்லை?’ என்பதன் உண்மையான வடிவம் ‘இந்த வைரஸ் நம் குழந்தைகளின் குடலில் ஏன் சரியாகப் பெருகவில்லை?’ என்பது. அது தூய வைரஸ் இயல் கேள்வி. நாடு அதை எப்படி எதிர்கொண்டது? கேள்வியைக் கேட்காமல் தவணைகளின் எண்ணிக்கையைக் கூட்டியது. 2006இல் வெளிவந்த ஒரு கணிப்பு, மும்முனைச் சொட்டு மருந்தின் ஒரு தவணை உத்தரப் பிரதேசத்தில் 9 விழுக்காடும், நாட்டின் பிற பகுதிகளில் 21 விழுக்காடும் மட்டுமே காத்தது என்றது. வேலூர்க் கட்டுரை வெளிவந்து அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. செயலிழந்த வைரஸ் கொண்ட போலியோ ஊசி வேண்டும் என்று ஜேக்கப் ஜான் பல்லாண்டுகள் வாதாடினார். அது தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 2015 நவம்பரில்.

2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டதே இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச்சில் நமக்குச் சான்றும் கிடைத்தது. அந்த வெற்றியைச் சிறுமைப்படுத்த நான் எழுதவில்லை. வீடு வீடாகச் சென்று சொட்டு மருந்து ஊற்றிய பெண்களின் உழைப்பு, எந்த ஆய்வகமும் ஈடு செய்ய முடியாதது. ஆனால் 1972க்கும் 2011க்கும் இடையே கால் முடங்கிய குழந்தைகளுள், உரிய எண்ணிக்கையில் தவணைகள் பெற்றும் முடங்கியவர்கள் உண்டு. நம் வகுப்பறைகளில், நம் ரயில் பெட்டிகளில் அவர்களை நடுவயதினராக இன்றும் பார்க்கிறோம். நம் குடலில் அந்த மருந்து ஏன் பலவீனமாகச் செயல்பட்டது என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை. ‘பயன்’ மட்டுமே கேட்ட நாடு, பயன் குறைந்ததற்கான காரணத்தைக் கேட்க மறந்தது.

அந்தச் சொட்டு மருந்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆர்.என்.ஏ. வைரஸ்களின் பாலிமரேஸ் பொதுவாகத் தன் பிழைகளைத் திருத்திக்கொள்வதில்லை. ஏறத்தாழ 10,000 முதல் 1,00,000 எழுத்துகளுக்கு ஒன்று என்ற அளவில் தவறுகிறது. (கொரோனா வைரஸ்கள் விதிவிலக்கு. 30,000 எழுத்துகள் கொண்ட பெரிய மரபிழையைக் காக்க அவற்றுக்குப் பிழை திருத்தும் நொதி உண்டு.) மூன்றாம் வகைச் சேபின் தடுப்பு வைரஸின் வலுவிழப்பு, பெரும்பாலும் 472ஆம் இடத்தில் உள்ள ஓர் எழுத்து மாற்றத்தைச் சார்ந்தது. குழந்தையின் குடலில் சில நாள்களிலேயே அந்த எழுத்து பழையபடி திரும்பிவிடுகிறது. தடுப்பு வைரஸே அரிதாக நோய் தருவதன் வேர் இங்கே இருக்கிறது. இரண்டாம் வகைக்கு இத்திரும்பலை அரிதாக்கும் வகையில் மரபிழையைத் திருத்தி எழுதிய புதிய சொட்டு மருந்துக்கு 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் அவசரகால ஒப்புதல் தந்தது. எந்த எழுத்து எதைச் செய்கிறது என்று பல்லாண்டுகள் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லாமல் அந்த மருந்து இல்லை. மும்பையின் கழிவுநீரில் போலியோ வைரஸைத் தேடும் பணி 2001இல் தொடங்கியபோதும் இதே அறிவு துணைநின்றது. போலியோ வைரஸின் மரபெழுத்துகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு மாறுவதால், சாக்கடையில் அகப்பட்ட வைரஸ் எவ்வளவு காலமாகக் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிவந்தது என்பதைக் கணக்கிட முடிகிறது.

நான் சான்பாடாவில் வசிக்கிறேன். ஹார்பர் லைனில் செம்பூர் செல்லும்போது மான்கூர்டும் கோவண்டியும் வரும். கோவண்டிக்கு அருகே தேவனார். பக்ரீத்துக்கு முன் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆடுகள் அங்கே வந்து இறங்கும். ஆட்டுக்கொல்லி வைரஸின் பார்வையில் அதைவிட நல்ல சந்தி கிடையாது. அதே கோவண்டியில்தான் 2022 இறுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். ஆட்டுக்கொல்லியும் தட்டம்மையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த வைரஸ்கள். வெக்கையும் அந்தக் குடும்பமே. ஒரே வரிசையில் ஆறு மரபணுக்கள், ஒரே வகைப் பாலிமரேஸ், நோயெதிர்ப்பு அணுக்களின் மேலுள்ள அதே ஏற்பியைப் பிடித்து நுழையும் அதே வழி. சற்றுத் தொலைவான உறவில் நிபா, 2018இல் கோழிக்கோட்டை உலுக்கிய வைரஸ். இறந்துபோன வெக்கையின் பாலிமரேஸை ஆராய்ந்தவர், இவை எல்லாவற்றின் பாலிமரேஸையும் அறிவதற்கான வழியையும் சேர்த்தே திறந்தார்.

‘கோவண்டிக் குழந்தைகளுக்குத் தேவைப்பட்டது பாலிமரேஸ் ஆய்வா, ஊசியா?’ என்று கேட்பீர்கள். ஐயமின்றி ஊசிதான். பெருந்தொற்றுக் காலத்தில் விடுபட்ட தவணைகளும், நெரிசலும், ஊட்டக்குறைவுமே அந்தச் சாவுகளுக்கு வழிவகுத்தன. அடிப்படை ஆய்வு நகராட்சியின் கடமைக்கு மாற்றாகாது. அப்படி யாரேனும் சொன்னால் நானே எதிர்ப்பேன். ஆனால் ஊசிக்குச் செலவிட வேண்டிய பணத்தை ஆய்வகம் விழுங்கிவிட்டது என்பது போன்ற தோற்றம் எங்கிருந்து வருகிறது? ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அதற்குள் அடிப்படை ஆய்வுக்குச் செல்வது ஒரு சிறு கூறு. அந்தக் கூற்றைப் பிடுங்கினால் கோவண்டிக்கு ஒரு செவிலியர்கூடக் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. தட்டம்மை ஏன் வெறும் தடிப்புக் காய்ச்சல் அன்று என்பதையும் ஊசி தானாகச் சொல்லவில்லை. அந்த வைரஸ் நினைவணுக்களையே தாக்குவதால், குழந்தை முன்பு ஈட்டிய பிற நோய்களுக்கான எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்துபோவதாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. தட்டம்மையிலிருந்து பிழைத்த குழந்தை அடுத்த மாதங்களில் வேறு நோயால் இறப்பதன் காரணம் அப்போது தெளிவானது. ஒரு தாயிடம் ‘ஊசி போடுங்கள்’ என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் எது?

ஆட்டுக்கொல்லிக்கும் இப்போது நாள் குறித்திருக்கிறார்கள். 2030க்குள் உலகிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று 2015இல் இலக்கு வைக்கப்பட்டது; இந்தியாவும் அதே ஆண்டை ஏற்றிருக்கிறது. நிலமற்ற கூலிக் குடும்பத்துக்கு ஆடுதான் வங்கிக் கணக்கு; மகளின் கல்லூரிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதிலிருந்தே வருகின்றன. நம்மிடம் நல்ல தடுப்பூசி உண்டு. ஆனால் பரவலாகப் பயன்படும் ஊசியைப் பெற்ற ஆட்டையும் நோய் வந்து பிழைத்த ஆட்டையும் எதிர்ப்பொருள் சோதனையால் பிரித்தறிய முடியாது. வெக்கைக் காலத்துச் சிக்கல் அப்படியே மீண்டும் நிற்கிறது. பிரித்தறியக்கூடிய தடுப்பூசியைச் செய்ய ஒரு வழி, வைரஸின் மரபிழையில் அடையாளம் வைத்துத் திருத்தி எழுதி, அதை மீண்டும் உயிர்ப்பிப்பது. எதிர்மறை இழை வைரஸை டி.என்.ஏ. படியிலிருந்து உயிர்ப்பிக்கும் முறை 1994இல் வெறிநாய்க்கடி வைரஸில்தான் முதன்முதலில் கைகூடியது. அதற்கு என், பி, எல் மூன்று புரதங்களும் மரபிழையோடு ஒருங்கே வேண்டும் என்ற அறிவு தேவைப்பட்டது. இன்றைய மொழியில் சொன்னால், ‘பயன்’ மறுபடியும் பாலிமரேஸின் வாசலில் வந்து நிற்கிறது. அந்த வாசலில் நிற்க ஆள் வளர்த்திருக்கிறோமா?

நம் தரப்பையும் விட்டுவிடக் கூடாது. ‘அடிப்படை ஆய்வு’ என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டுக் கட்டுரையில் ஒரு புரதத்தை மட்டும் மாற்றிப் போட்டு, தாக்கக் குறியீட்டை எண்ணிக்கொண்டிருக்கும் பழக்கம் நம்மிடையே இல்லையா? ஆய்வகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கால்நடை மருத்துவமனைக்குள் ஒருநாளும் நுழையாத வைரஸ் ஆய்வாளர்கள் எத்தனை பேர்? ஷைலாவின் ஆய்வு வாழ்க்கை நமக்குச் சொல்வது வேறொரு முறை. பாலிமரேஸைத் துருவியவரும் அரசூர் ஆட்டு நோயின் பெயரைத் திருத்தியவர்களுள் ஒருவரும் ஒரே ஆள். ஆழமான கேள்வி கையில் இருந்ததால்தான், கிராமத்திலிருந்து வந்த மாதிரி வழக்கத்துக்கு மாறானது என்று தெரிந்தது. ஜேக்கப் ஜான் குழந்தை மருத்துவர். நோயாளியின் படுக்கையருகே எழுந்த ஐயத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். களமும் ஆய்வகமும் ஒரே தலைக்குள் இருந்தபோதே இந்த மண்ணில் வைரஸ் இயல் உயர்ந்தது. இரண்டையும் பிரித்து, ஒன்றுக்குப் ‘பயன்பாடு’ என்றும் மற்றொன்றுக்கு ‘அடிப்படை’ என்றும் பெயரிட்டுத் தனித்தனி நிதித் தலைப்பில் அடைத்தது நிர்வாகத்தின் வசதிக்காக.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. குழுக்களில் அமர்வோர் ‘இதனால் என்ன பயன்?’ என்பதற்கு மாற்றாக, ‘இதன் முடிவில் இன்று அறியாத எதை அறிவோம்? அந்த அறிவு யாருடைய கையில் கருவியாகக்கூடும்?’ என்று கேளுங்கள். முதல் பாதிக்கு உண்மையான விடை கேளுங்கள். இரண்டாம் பாதிக்கு நேர்மையான ஊகம் போதும். மூன்றாண்டுத் திட்டங்களால் மட்டும் வைரஸ் இயலை நடத்த முடியாது. பத்தாண்டு கேள்விக்குப் பத்தாண்டு நிதி வேண்டும். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று காகிதத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் அது வந்து சேராதபோது, நவி மும்பையில் வாடகை கொடுக்கும் மாணவன் முதலில் கைவிடுவது கடினமான கேள்வியைத்தான். நெறியாளர்கள் தம் மாணவரை ஆண்டுக்கொரு மாதமாவது கால்நடை மருத்துவமனைக்கோ, குழந்தைகள் வார்டுக்கோ அனுப்புங்கள். மாணவர்களே, அந்தப் படிவத்துக் கட்டத்தில் இனிப் பொய் எழுதாதீர்கள். உங்கள் கேள்வியின் வரலாற்றை எழுதுங்கள்: 1970இலிருந்து மும்பை மாத்திரைக்கும், அரசூரிலிருந்து 2011 அறிவிப்புக்கும் வந்த வழியை எழுதுங்கள். படிப்பவர் ஏற்காமல் போகலாம். ஆனால் பொய்யை ஏற்று நிதி தரும் குழு, அடுத்த ஆண்டு அந்தப் பொய்யின் விளைவைத்தான் உங்களிடம் கேட்கும்.

அடுத்த பெருந்தொற்று எந்த வைரஸால் வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. அது ஆர்.என்.ஏ. வைரஸாக இருக்க வாய்ப்பு மிகுதி. அன்று தொலைக்காட்சியில் பேச அழைக்கப்படுபவர், இன்று எந்தக் குழுவின் முன்னரோ ‘இதனால் என்ன பயன்?’ என்ற கேள்விக்கு விடை தேடித் தடுமாறிக்கொண்டிருக்கும் மாணவராக இருக்கக்கூடும். அவரைத் துறையை விட்டுத் துரத்திவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.